ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் குறையும் கார்

அப்பா 1998-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டிய காலத்தது. வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கம். உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியே சில வருடத்தில் உரிந்து வரும் ஊர் இது. இங்கே ஒரு தகர வண்டி இத்தனை வருடம் தாங்கி நிற்பதே எனக்குப் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு கரண்ட் சம்பந்தமாகத்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் கண்ணில் பட்டது பெட்ரோல் முள். திருச்செந்தூரிலிருந்து அம்மாவுடன் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டேன். பாதி டேங்கில் நின்ற முள் மெல்ல இறங்கிக் கால் டேங்குக்கு வந்தது. டேங்க் ஒழுகுகிறதோ என்று பயந்து ஓரமாக நிறுத்தி, கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் முள் மறுபடி பாதிக்கு ஏறியது.

அதற்கப்புறம் கவனிக்கத் தொடங்கியதும் மற்றவையும் தெரிந்தன. ஹெட்லைட் வெளிச்சம் பழைய மஞ்சள் குண்டு பல்ப் மாதிரி இருந்தது. ஹாரன் தொண்டை கட்டியதுபோல் முனகியது. விளக்கு எரியும்போது வைப்பர் போட்டால் பாதி வேகம்தான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகும் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்குகள் எரிந்தன. ஐந்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி செத்துக் கிடந்தது. ஆனால் பேட்டரி நன்றாக இருக்கும் நாட்களில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் மட்டும் புது வண்டிபோல் விறுவிறுவென்று சுற்றியது. இந்தக் கடைசி விஷயம்தான் வழிகாட்டி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு கடையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார்கள். ஒயரிங் முழுக்கப் போய்விட்டது, டைனமோ வீக், பேட்டரியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். வண்டியை விற்றால்கூட அதைப்போல் இரண்டு மடங்கு வருமா என்பது சந்தேகம். அதைவிட, ஒரு மீட்டரைக்கூட எடுத்து வைத்துப் பார்க்காமல் மூன்று சாமானை மாற்றச் சொன்னது மனதுக்கு ஒப்பவில்லை. வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளுக்கு வருடக்கணக்கில் ஒயரிங் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருப்பவர். அவரிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒரு மீட்டர் வாங்கிட்டு வா தம்பி. அதுக்கு முன்ன ஒரு சாமானும் வாங்காத” என்றார்.

முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் வாங்கினேன். எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சாதாரணமானதுதான். கூடவே வீட்டிலேயே ஒரு டெஸ்ட் லாம்ப் செய்துகொண்டோம். 5 வாட் கார் பல்ப், அதற்கு ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர், முனைகளில் முதலைக் கிளிப். மல்டிமீட்டர் அளவு சொல்லும்; பல்ப் பாரத்தைச் சுமந்து காட்டும். இரண்டும் வேண்டும். துரு ஏறிய ஒயரில் ஒற்றை நூலிழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. பல்பைப் போட்டால்தான் அந்த ஒயரின் லட்சணம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் சூடேறும் முன்பே ஆரம்பித்தோம்.

பேட்டரியை முந்தின இரவு சார்ஜ் செய்து வைத்திருந்தேன். எதுவும் போடாமல் அளந்தால் 12.5 வோல்ட். முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி 12.6, 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.9-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் அடிக்கும்போது 10.4-க்கு இறங்கி உடனே மீண்டது. அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.2. ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 14.1. ஆக பேட்டரியும் சரி, அந்தக் கடையில் வீக் என்ற டைனமோவும் சரி. பத்து நிமிட வேலை. பதினெட்டாயிரத்தில் பெரும் பங்கு அங்கேயே அடிபட்டுப் போனது.

அடுத்து, ஹெட்லைட்டை எரியவிட்டு பல்பின் பின்பக்கம் இரண்டு முனைக்கும் நடுவே அளந்தோம். பேட்டரியில் 14.1 இருக்கும்போது பல்புக்கு வந்து சேர்ந்தது 11.4 தான். நடுவில் 2.7 வோல்ட்டைக் காணோம். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். மஞ்சளாக எரிந்ததற்கு பல்பைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

காணாமல் போன வோல்ட் போகிற வழியில் தொலைந்ததா, திரும்பி வருகிற வழியில் தொலைந்ததா என்பதுதான் கேள்வி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒயர், ஃபியூஸ், சுவிட்ச் வழியாகக் கரண்ட் பல்புக்கு வருகிறது. பல்பிலிருந்து திரும்பிப் போக அதற்குத் தனி ஒயர் பேட்டரி வரை கிடையாது. வண்டியின் பாடித் தகரமே திரும்பும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம். நான் உட்பட எல்லோரும் ஒயரிங் என்றதும் போகிற பாதையைத்தான் பார்ப்போம். ஃபியூஸ், சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. திரும்பும் பாதையில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் தகரமும் நாலு போல்ட்டும்தான். அதனாலேயே அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அளக்கும் முறை எளிது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வைக்க வேண்டும். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை எர்த் என்று நாம் நம்பும் இடத்தில் வைக்க வேண்டும். விளக்குகள் எரிய வேண்டும். கரண்ட் ஓடாதபோது இந்தச் சோதனை எதையும் சொல்லாது. பாதை நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் வரும்.

முதலில் எஞ்சின் மேல் வைத்தேன். 0.03. அருமை. பிறகு பாடியில், ஃபெண்டர் போல்ட் ஒன்றைச் சுரண்டிவிட்டு வைத்தேன். பெயிண்ட் மேல் வைத்தால் மீட்டர் ஏமாற்றிவிடும், வெள்ளித் தகரம் தெரிய வேண்டும். 1.6 வோல்ட். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே 1.6. பிரேக்கையும் மிதித்து, ஃபேனையும் போட்டால் இன்னும் ஏறியது.

அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டார். எங்கள் வண்டியில் பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த ஒயர் ஒன்று நேராக கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதிலிருந்து பிரிந்து மெலிந்த ஒயர் ஒன்று பாடிக்குப் போகிறது. செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு ஒட்டி இருப்பதால் அதன் கரண்ட் தடித்த ஒயரில் திரும்பிவிடும். விளக்கு, ஹாரன், வைப்பர், ஃபேன் எல்லாம் பாடியில் எர்த் ஆனவை. அவை அந்த மெல்லிய ஒயரை நம்பி இருக்கின்றன. “செல்ஃப் நல்லா அடிக்கு, மத்ததெல்லாம் மங்குதுன்னு நீ சொன்னப்பவே எனக்கு பாடி எர்த்து மேலதான் கண்ணு. மீட்டர் சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார்.

பெட்ரோல் முள் விஷயமும் அந்தப் படத்திலேயே விளங்கியது. இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இதற்காகத்தான். பெட்ரோல் டேங்குக்குள் மிதவையோடு ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. டேங்க் நிறைந்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் கூடும், முள் ஏறும். அந்தக் கரண்ட் டேங்கிலிருந்து பாடி வழியாகத் திரும்ப வேண்டும். ஹெட்லைட் எரியாதபோது பாடி ஏறத்தாழ பூஜ்ய வோல்ட்டில் இருக்கிறது, முள் சரியாகக் காட்டுகிறது. ஹெட்லைட் போட்டதும் பாடியே 1.6 வோல்ட் மேலே தூக்கிக்கொள்கிறது. டேங்க் மிதவைக்கு அந்த அளவு வோல்ட் குறைகிறது, முள் வழியே ஓடும் கரண்டும் குறைகிறது, பெட்ரோல் குறைந்ததுபோல் முள் இறங்குகிறது.

பக்கத்திலேயே எஞ்சின் சூடு காட்டும் முள் இருக்கிறதே, அது ஏன் அசையவில்லை? அதன் சென்சார் எஞ்சினில் திருகப்பட்டிருக்கிறது, எர்த்தும் எஞ்சின்தான். எஞ்சின் எர்த் 0.03 வோல்ட்டில் சுத்தமாக இருக்கிறது. ஒரு முள் அசைகிறது, மற்றது அசையவில்லை. அந்த வித்தியாசமே எந்த ஒயர் போயிருக்கிறது என்று ஒவ்வோர் இரவும் என் கண் முன்னால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இது விளங்கியபோது உண்மையாகவே சிலிர்த்துவிட்டது.

இன்னும் ஒன்று. பாடி ஒயர் ஏறக்குறைய அறுந்திருந்தால், விளக்குகளின் கரண்ட் எந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது? பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே எல்லா இடத்திலும் ரப்பர்தான். இரும்பால் இணைந்திருப்பவை கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். அண்ணாச்சி ஹெட்லைட்டைப் போட்டு எட்டு நிமிடம் எரியவிட்டார். எஞ்சினை அதற்குள் ஸ்டார்ட் செய்யவே இல்லை. பிறகு கிளட்ச் கேபிளின் கியர்பாக்ஸ் பக்க முனையைத் தொடச் சொன்னார். எஞ்சின் ஆறிக் கிடந்தது, கேபிள் முனை மட்டும் இளஞ்சூடு. ஒரே வருடத்தில் இரண்டு தடவை கிளட்ச் கேபிள் இறுகிப்போய் மாற்றியிருந்தேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை சூட்டில் இளகினால் கேபிள் இறுகத்தான் செய்யும். கேபிளின் தரத்தைச் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை விலை கூடியதாக வாங்கியது நினைவுக்கு வந்தது.

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு வைத்திருந்த கேபிளின் ஒரு கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு கிளிப்பைச் சுரண்டிய ஃபெண்டர் போல்ட்டில் கடிக்க வைத்தேன். சாவி போட்டு, ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. கடித்த நொடியில் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று ஏறியது. உள்ளே எட்டிப் பார்த்தால் பெட்ரோல் முள் மெல்ல எழுந்து பாதிக்கு வந்து நின்றது. பழைய கார்களில் இந்தச் சோதனைக்கு இணையாக ஒன்றும் இல்லை என்பேன். ஐந்து நிமிடம், செலவு பூஜ்யம், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஆனால் கேபிள் நெகட்டிவில்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். பாசிட்டிவைப் பாடியில் வைத்தால் நெருப்புத்தான்.

பழுதுபார்க்க முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றினோம், பிறகு பாசிட்டிவை. 10 நம்பர் ஸ்பானர் போதும். பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தால் தட்டின் கீழே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. வருடக்கணக்கில் ஆசிட் கசிந்து, பாடி எர்த் ஒயர் மாட்டியிருக்கும் லக் (ஒயர் முனையில் போல்ட்டுக்காக இருக்கும் உலோக வளையம்) மேலேயே இறங்கியிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் லக் இருக்கிறது, போல்ட் இருக்கிறது. ஒயரை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உறையைக் கிழித்துப் பார்த்தால் இரண்டு அங்குலம் வரை செம்பெல்லாம் பச்சைப் பொடி.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். நுரைத்து அடங்கியதும் கழுவித் துடைத்துக் காயவிட்டோம். வெல்டிங் பட்டறை ஒன்றில் மிஞ்சிய கேபிள் துண்டு அரை மீட்டர் கிடைத்தது. வெல்டிங் கேபிள் இதற்கு நல்ல சாமான்: செம்பு இழைகள் மெல்லியதாக, வளைந்து கொடுக்கும், தடிப்பும் தாராளம். இரண்டு முனையிலும் செம்பு லக் போட்டு நசுக்கி, அண்ணாச்சி அதன் மேல் ஈயமும் வைத்தார். பாடியில் துருப்பிடித்த பழைய இடத்தை விட்டுவிட்டு, நாலு விரல் தள்ளி கெட்டியான தகரத்தில் ஏற்கனவே இருந்த ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். எமரித் தாளால் பெயிண்டை எடுத்து, வெள்ளித் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினோம். கிரீஸ் கடைசியில்தான். பலர் முதலிலேயே கிரீஸைத் தடவி அதன் மேல் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உலோகம் உலோகத்தைத் தொட்டு இறுகிய பிறகு, காற்று புகாமல் மேலே பூச வேண்டும். கடலோர ஊரில் இதைத் தவறவிட்டால் அடுத்த மழைக்கே மறுபடி பச்சை பூத்துவிடும்.

மீட்டரை வைத்தோம். ஹெட்லைட் எரியும்போது பாடி எர்த் 0.04 வோல்ட். பல்புக்கு 12.9 வந்தது. ஹாரனை அடித்தேன், பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. வைப்பரும் சரியாகிவிட்டது.

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிவது மட்டும் அப்படியே இருந்தது.

அதுவும் எர்த் கோளாறின் கிளைதான் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி நம்பக் காரணமும் உண்டு. பின் விளக்கு ஹோல்டரின் எர்த் போனாலும் இதேபோல் நடக்கும். அந்த பல்புக்குள் இரண்டு இழை இருக்கிறது, பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். எர்த் இல்லாவிட்டால் பிரேக் கரண்ட் பெரிய இழை வழியாக வந்து, போக வழியில்லாமல் சின்ன இழையில் பின்னோக்கிப் புகுந்து, பார்க்கிங் ஒயரைப் பிடித்து டேஷ்போர்டு வரை வந்துவிடும். அண்ணாச்சி ஒன்று கேட்டார்: “மங்கலா எரியுதா, நல்லாவே எரியுதா?” நல்ல பிரகாசமாகவே எரிந்தது. இழைகள் வழியாகச் சுற்றி வந்த கரண்ட் என்றால் வழியிலேயே தேய்ந்து, டேஷ்போர்டில் மினுக்மினுக்கென்றுதான் எரியும். பிரகாசமாக எரிந்தால் பிரேக் ஒயரும் பார்க்கிங் ஒயரும் எங்கோ நேராகத் தொடுகின்றன என்று அர்த்தம்.

அம்மாவை உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பின்னால் போய் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இடது பின்விளக்கு பல்பை எடுத்ததும், “அணைஞ்சிருச்சுடா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கையில் இருந்த பல்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இரண்டு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பெரிய புள்ளி. சிங்கிள் காண்டாக்ட் பல்ப்! யாரோ எப்போதோ கைக்குக் கிடைத்ததைத் திணித்திருக்கிறார்கள். டபுள் காண்டாக்ட் பல்பின் பக்கவாட்டுப் பின்கள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பது, இப்படி மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். எங்கள் ஹோல்டர் தளர்ந்து போயிருந்ததால் பல்ப் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெரிய புள்ளி ஹோல்டரின் இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தொட்டு, பிரேக் ஒயரையும் பார்க்கிங் ஒயரையும் ஒன்றாக்கிவிட்டது. இதற்கு மறுபக்கமும் உண்டு: இரவில் பார்க்கிங் விளக்கு எரியும்போதெல்லாம் இரண்டு பிரேக் விளக்கும் நிரந்தரமாக எரிந்துகொண்டிருந்திருக்கும். பின்னால் வந்த லாரிக்காரருக்கு நான் எப்போது பிரேக் போடுகிறேன் என்று தெரிந்திருக்காது. திருச்செந்தூர் ரோட்டில் அப்படி எத்தனை இரவு ஓட்டினேனோ. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்தது இதை நினைத்துத்தான்.

இரண்டு பக்கமும் புது டபுள் காண்டாக்ட் பல்ப் போட்டேன். ஹோல்டரின் உள்பக்கத்தை எமரித் தாளைச் சுருட்டித் தேய்த்து, ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். முடிந்தது.

மிச்சம் இருந்தது பேட்டரி இறங்குவது. இதற்கு இரண்டு சாயங்காலம் போனது.

முறை என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைப்பது. ஆனால் விலை குறைந்த மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே ஃபியூஸ் கிடையாது, அதன் முகத்திலேயே அப்படி எழுதியிருக்கும். ஆகவே மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் வோல்ட் பார்க்கப் போனால் மீட்டரும் போகும், கையும் சுடும். அதனால் நாங்கள் முதலில் டெஸ்ட் லாம்பைத்தான் நடுவில் மாட்டினோம். எல்லாக் கதவும் மூடி, எல்லாம் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாது. ஆனால் எரிந்தது. பிறகு மீட்டர்: 0.31 ஆம்பியர்.

எங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ஒரு நாளைக்கு 0.31 வீதம் 24 மணி நேரம் என்றால் ஏழரை ஆம்பியர்-மணி போகிறது. நாலரை, ஐந்து நாளில் சுத்தமாகக் காலி. என் அனுபவத்தோடு கணக்கு அப்படியே பொருந்தியது. இந்தப் பொருத்தத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். கணக்கு ஒத்துவராமல் 0.03 என்று காட்டியிருந்தால் வேறு காரணத்தைத் தேடியிருக்க வேண்டும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். ஸ்டீரியோ இருக்கும் ஃபியூஸை எடுத்ததும் 0.29 ஆனது. அது ஸ்டீரியோவின் மெமரிக்குப் போகும் நியாயமான 20 மில்லி ஆம்பியர். மற்ற எல்லாவற்றையும் உருவிய பிறகும் 0.29. முதல் சாயங்காலம் இங்கேயே முடிந்துவிட்டது. இரவெல்லாம் டைனமோவின் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய சாமான்) கசிகிறதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஃபியூஸ் பெட்டிக்கு வராத பாதைதான். மறுநாள் பேட்டரியைக் கழற்றி, டைனமோவின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரை எடுத்துத் துணி சுற்றி வைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே 0.29. டைனமோ மறுபடியும் நிரபராதி.

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். “பாசிட்டிவ்ல எத்தன ஒயர் இருக்குன்னு எண்ணு தம்பி.” எண்ணினேன். கம்பெனி ஒயர்களோடு, கறுப்பு டேப் சுற்றிய மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று கூடுதலாக இருந்தது. எஞ்சினுக்கும் வண்டி உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரில் ஆக்சிலேட்டர் கேபிள் போகும் துளை வழியாக அதுவும் உள்ளே நுழைந்திருந்தது. வழியில் எங்கும் ஃபியூஸ் இல்லை. டேஷ்போர்டின் கீழே தலையை நுழைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைப் பின்தொடர்ந்தேன். ஸ்டீரியோவுக்கு மேலே, டக் டேப்பால் ஒட்டி வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. அப்பா காலத்தில் ஓர் ஆக்சசரீஸ் கடையில் போட்ட ரிமோட் லாக். ரிமோட் தொலைந்து பத்து வருடம் இருக்கும். கை வைத்தால் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. பிரித்துப் பார்த்தபோது போர்டில் ஈரம் பட்டு வெள்ளை பூத்திருந்தது. உள்ளே இருந்த இரண்டு ரிலேயும் இழுத்த நிலையிலேயே நின்றுகொண்டு, இரவும் பகலும் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியையும் அந்த ஒயரையும் முழுமையாக வெளியே எடுத்தேன். உள்ளே பாதியை விட்டு டேப் சுற்றி வைக்கும் வேலை வேண்டாம் என்பது என் கருத்து. துளையின் விளிம்பில் அந்த ஒயரின் உறை தேய்ந்து செம்பு லேசாகத் தெரிந்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் ஒயர், தகர விளிம்பில் உரசிக்கொண்டு. இன்னும் கொஞ்சம் தேய்ந்து பாடியைத் தொட்டிருந்தால் பேட்டரி இறங்குவதோடு நின்றிருக்காது, வண்டியே எரிந்திருக்கும். பேட்டரியிலிருந்து எதற்கு ஒயர் இழுத்தாலும், பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஆக்சசரீஸ் எதையாவது புதிதாகப் போட்டிருந்தால் இன்றைக்கே பானெட்டைத் திறந்து இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அளந்தால் 0.02. பழைய வண்டிக்கு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. ஏழு நாள் வண்டியைத் தொடாமல் விட்டுவைத்தேன். எட்டாம் நாள் காலை சோக்கை இழுத்து சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

செலவு: மீட்டர் 350, கேபிளும் லக்கும் 160, டெஸ்ட் லாம்ப் சாமான்கள் 60, பின்விளக்கு பல்புகள் 50, எமரித் தாள், வாஷர், சோடா எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 660 ரூபாய். அண்ணாச்சி பணம் வாங்கவில்லை. அம்மா ஒரு டிபன் கேரியர் நிறைய மீன் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பினாள்.

அளந்த எண்களையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். பேட்டரி, சார்ஜிங், எஞ்சின் எர்த், பாடி எர்த், எல்லாம் அணைந்திருக்கும்போது போகும் ஓய்வுக் கரண்ட் என்று ஐந்து வரி, தேதியோடு. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்து, பக்கத்தில் எழுத வேண்டும்.

ஹெட்லைட் பல்புக்கு இப்போது 12.9 வருகிறது. பேட்டரியில் 14.1. எர்த் பக்கம் சரியாகிவிட்டதால், மிச்சம் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவான வோல்ட் முழுக்கப் போகிற வழியில்தான் தொலைகிறது. எங்கள் வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது, ரிலே கிடையாது. அண்ணாச்சி தன் பழைய தகரப் பெட்டியிலிருந்து இரண்டு ரிலேயும் ஃபியூஸ் ஹோல்டரும் எடுத்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.